குருவில்லாத நாட்களிலும் அணையாத விளக்கு
புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு

ஒரு பங்கு யூபிலி விழாக் கொண்டாடும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது கோவில் கட்டடம். அடிக்கல் நாட்டிய நாளையும், கூரை ஏறிய நாளையும், பணியாற்றிச் சென்ற பங்குத் தந்தையரையும், காணிக்கை கொடுத்த நல்லோரையும் நன்றியுடன் நினைக்கிறோம். நினைக்கவும் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து, கோவில் கதவு சாத்தப்பட்டு, திங்கட்கிழமை விடிந்த பிறகு நம் விசுவாசம் எங்கே குடியிருக்கிறது? நம் வீடுகளில் அன்றோ? அங்கே விளக்கு எரிந்தால்தான் கோவிலிலும் எரியும்.

இந்த உண்மையைத் தம் வாழ்வால் நமக்குக் கற்பித்தவர் ஒருவர் உண்டு. இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளாரே அவர். நம் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கடல் கடந்து வந்த அந்தச் சகோதர சகோதரிகளுள் கத்தோலிக்கராய் உள்ளோருக்கு இவர் பெயர் புதியதன்று. அவர்களுடைய முன்னோரின் விசுவாச வரலாறும் அடிகளாரின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அந்த வரலாற்றை இந்த யூபிலி ஆண்டில் நாமும் அறிந்துகொள்வது நலம்.

கோவா தந்த குழந்தை

யோசேப் வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் பெனாவ்லிம் என்னும் ஊரில், தாயின் இல்லத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோபர் வாஸ், சான்கோல் ஊரைச் சேர்ந்தவர். தாய் மரிய தெ மிராந்தா. பிள்ளைகள் அறுவருள் இவர் மூன்றாமவர். பிறந்த எட்டாம் நாள் பெனாவ்லிம் பங்குக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார்.

பக்தியுள்ள குடும்பம் அது. சிறுவயதிலேயே செபமாலை சொல்லுவதிலும், கோவிலில் தேவ நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பதிலும் யோசேப் விருப்பம் கொண்டிருந்தார் என்றும், தமக்குக் கிடைத்த உணவை ஏழைகளோடு பகிர்ந்துகொண்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இவற்றில் வியக்கத்தக்க பெரிய செயல் எதுவும் இல்லை. எந்தக் கத்தோலிக்கக் குழந்தையும் செய்யக்கூடியவைதாம். ஆனால் இவர் அவற்றை விடாமல் செய்தார். குழந்தைப் பருவத்தில் கைக்கொண்ட அந்தச் சிறு பழக்கங்கள் அறுபது வயதை நெருங்கி இறக்கும்வரை அவரை விட்டு நீங்கவில்லை.

சொந்த ஊர்ப் பள்ளியில் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் பயின்றபின், கோவா நகரில் இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிலும், பின்னர் புனித தோமாஸ் அக்குவினாஸ் கல்லூரியிலும் படித்து 1676-ல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் காலணியைக் கழற்றிவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்களுக்குப் பணி செய்ய வந்த நானும் அவ்வாறே நடப்பேன் என்பது அவர் எண்ணம். அதன்பின் அவர் நடந்த பல நூறு மைல்களும் வெறுங்காலில் நடந்தவையே.

1677-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தம்மைத் தேவதாயின் அடிமையாக அர்ப்பணித்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அது ஒருநாள் உணர்ச்சியில் எழுதிய காகிதமன்று. ஒவ்வொரு நாளும் செபமாலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சாசனத்தை அவர் புதுப்பித்தார் எனலாம்.

இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவிக்கும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. அங்கே செல்ல விரும்பினார். ஆனால் மேலதிகாரிகள் 1681-ல் அவரைக் கன்னட நாட்டுப் பகுதிக்கு அனுப்பினர். கீழ்ப்படிந்து சென்றார், மூன்றாண்டுகள் மங்களூர்ப் பக்கத்தில் உழைத்துத் திரும்பினார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகளில் இந்தியக் குருக்களுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆகவே கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்துவந்தனர். 1685-ல் அவர்களோடு சேர்ந்த வாஸ் அடிகளாரையே தங்கள் தலைவராக்கிக்கொண்டனர். புனித பிலிப்பு நேரியாரின் ஒறத்தோரியன் ஒழுங்கை அந்தச் சிறு குழு ஏற்றது. குறித்த வேளையில் தியானம், குறித்த வேளையில் செபம், மாலையில் ஆத்தும சோதனை என்று நாள் முழுவதும் ஓர் ஒழுங்கு. பிற்காலத்தில் காட்டிலும் சிறையிலும் தனித்திருந்தபோது அடிகளாரைத் தாங்கியது இந்த ஒழுங்குதான்.

மேய்ப்பரில்லா மந்தை

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? 1656-ல் கொழும்பும், 1658-ல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசியர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. நமது தூத்துக்குடியும் அதே 1658-ல் அவர்கள் வசமாயிற்று. கால்வீனின் கொள்கையைப் பின்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். கோவில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டனர். பிள்ளைகள் அவர்களுடைய பள்ளிக்குச் சென்று அவர்களுடைய வேதபாடம் படிக்க வேண்டும், வராவிட்டால் அபராதம். ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய கோவிலில்தான் பதிவாக வேண்டும்.

அன்றுமுதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் குரு இல்லாமல் வாழ்ந்தனர். முப்பது ஆண்டுகள் என்றால் ஒரு தலைமுறை. அந்நாட்களில் பிறந்து வளர்ந்து தாயும் தந்தையும் ஆனவர்கள் ஒருமுறையேனும் திருப்பலி கண்டதில்லை, பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை, நன்மை வாங்கியதில்லை. அப்படியானால் அவர்களுடைய விசுவாசம் எப்படிப் பிழைத்தது?

அதற்கு விடை அதற்கும் நூறாண்டு முந்திய ஒரு வேலையில் இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் முதலில் செய்த காரியம், அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர் சிறுமியரை மணி அடித்துக் கூட்டி, பாட்டாகச் சொல்லிக்கொடுத்ததுதான். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள், இவ்வளவுதான். பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பின்பு என்ரிக்கே அடிகளார் 1578-ல் தம்பிரான் வணக்கம் என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். கடற்கரை நெடுகிலும், கடலுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், அந்தச் செபங்கள் மக்கள் நாவில் ஏறி உட்கார்ந்துவிட்டன.

ஒல்லாந்தர் கோவிலைப் பறிக்க முடிந்தது. நாவில் ஏறிய செபத்தைப் பறிக்க முடியவில்லை. பகலில் அவர்கள் பள்ளியில் உட்கார்ந்த பிள்ளை, இரவில் தாயின் மடியில் அருள்நிறை மந்திரம் படித்தது. பிறந்த குழந்தைக்கு வீட்டுப் பெரியவரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சுரூபங்கள் பெட்டிக்குள்ளும் பானைக்குள்ளும் மறைந்தன. மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670-ஆம் ஆண்டளவில் தங்கள் தேவதாயின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. அவர்கள் தங்கிய இடமே இன்று மடுத் திருப்பதி.

கழுத்தில் தொங்கிய செபமாலை

இத்தகைய நாட்டுக்குள் நுழைய 1686-ல் வாஸ் அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தலைமைப் பொறுப்பைத் துறந்தார். யோவான் என்னும் ஊழியர் ஒருவர் துணை. மேற்குக் கரை வழியாக வந்து, தூத்துக்குடியில் படகுக்குக் காத்திருந்தார். குரு என்று தெரிந்தால் படகில் ஏற முடியாது. ஆகவே அங்கியைக் களைந்து, கூலியாள் போலக் கந்தை உடுத்திக்கொண்டார். திருப்பலிக்கு வேண்டிய பொருட்களை மூட்டைக்குள் மறைத்துக்கொண்டார். 1687-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவை ஒட்டிய நாட்களில் படகேறினார். புயல் படகை அலைக்கழித்து மன்னார்க் கரையில் ஒதுக்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது பசியாலும் சீதபேதியாலும் உடல் நைந்திருந்தது. நோய் தொற்றும் என்று அஞ்சி யாரும் சேர்க்கவில்லை. ஆளில்லாக் குடிசை ஒன்றில் கிடந்த அவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தாள் என்று வரலாறு சொல்கிறது.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் ஒரு சிக்கல் எதிர்நின்றது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் எல்லோரும் ஒல்லாந்தர் கோவிலுக்குப் போகிறவர்கள். கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கேட்கிறவன் ஒற்றனாயிருக்கலாம் அல்லவா? அடிகளார் செய்தது மிக எளிய காரியம். தம் செபமாலையை எடுத்துக் கழுத்தில் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டார். பிச்சை கேட்டு வீடுவீடாக நடந்தார். அரிசி போட வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தார். செபமாலையைக் கண்டு ஒன்றும் தோன்றாதவர் ஒரு வகை. கண்டதும் முகம் மாறிப்போனவர் இன்னொரு வகை.

அப்படி முகம் மாறிய ஒரு வீட்டுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். மெல்லப் பேச்சுக் கொடுத்து, ஒரு குரு வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டறிந்தபின்பே தாம் யார் என்பதை வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டில் தினந்தோறும் செபமாலை சொல்லப்படாமல் இருந்திருந்தால், வந்த குருவை அவர்கள் அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள். ஏதோ ஒரு பிச்சைக்காரன் கழுத்தில் ஏதோ ஒரு மணிமாலை என்று அரிசியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

1689-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவு

விசுவாசத்தில் உறுதி வாய்ந்த சில்லாலை ஊர் அடிகளாருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைந்திருந்து தமிழ் கற்றார். இரவில் வெளிவந்து திருப்பலி நிறைவேற்றினார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருமணங்களை மந்திரித்தார், நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் அளித்தார். ஓர் இரவில் ஓர் ஊர், மறு இரவில் வேறோர் ஊர்.

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், நள்ளிரவுத் திருப்பலிக்காகக் கத்தோலிக்கர் வீடுகளில் கூடியிருந்தபோது ஒல்லாந்தப் படைவீரர் பாய்ந்தனர். சுரூபங்கள் உடைபட்டன. நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அவர்களுள் எட்டு ஆண்களுக்குக் கொடிய கசையடி கிடைத்தது. ஒல்லாந்த சபையை விட்டுக் கத்தோலிக்கத்துக்குத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பவர் அந்த வாதையிலேயே உயிர் நீத்தார். மற்றவர்கள் கோட்டையில் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஒருவரும் தம் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. அடிகளார் மட்டும் பிடிபடவில்லை.

அந்த எட்டுப் பேரும் மறைநூல் வல்லுநர் அல்லர். துறவிகள் அல்லர். நம்மைப்போல் உழைத்துப் பிழைத்த குடும்பத் தலைவர்கள். சோதனை வேளையில் எடுத்துக்கொள்ள அவர்களிடம் இருந்தது, நாள்தோறும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சேர்த்த செபம் ஒன்றே. வேண்டிய நாளில் அது போதுமானதாயிருந்தது.

சிறைக்குள் ஒரு சிற்றாலயம்

யாழ்ப்பாணத்தை விட்ட அடிகளார் 1690-ல் புத்தளம் சென்றார். பின் 1692-ல் கண்டிக்கு நடந்தார. கடலோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தாலும், மலைநாட்டில் கண்டி அரசு தனித்து நின்றது. இரண்டாம் விமலதர்மசூரியன் அங்கே மன்னன். ஆனால் அடிகளார் போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று ஒருவர் கோள் மூட்டிவிட, நகருக்குள் நுழையும்போதே கைதியாகத்தான் நுழைந்தார்.

காவலில் வைக்கப்பட்ட அடிகளார் என்ன செய்தார் தெரியுமா? கோவாவில் சபை வீட்டில் எந்த வேளையில் என்ன செய்தாரோ, அதையே சிறையிலும் செய்தார். தியான வேளையில் தியானம். செப வேளையில் செபம். மீதி நேரத்தில் சிங்களம் படித்தார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓலையும் கம்பும் கொண்டு ஒரு சிறு கொட்டகை கட்டி, அதில் பீடம் அமைத்தார். காவலர் தடுக்கவில்லை. கண்டியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினர். சிறைக்கூடம் பங்குக் கோவிலாயிற்று.

நம் புழலில் பெரிய மத்திய சிறை இருக்கிறது. அதன் மதிலைக் கடந்து நாம் தினமும் போய்வருகிறோம். உள்ளே இருப்போரையும், வெளியே அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரையும் மனைவிமாரையும் நினைக்கும்போது, சிறையில் பீடம் கட்டிய இந்தப் புனிதரிடம் அவர்களை ஒப்படைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லலாமே.

பின்னர் நாட்டில் மழை பொய்த்துப் பயிர் காய்ந்தது. மன்னன் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியிடத்தில் பீடமும் சிலுவையும் அமைத்து மன்றாடினார் என்றும், கொட்டும் மழை பெய்தும் பீடமும் அவரும் நனையவில்லை என்றும் கண்டியில் தொன்றுதொட்டு வழங்கும் வரலாறு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் புழல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததைக் கண்ணால் கண்ட நமக்கு, மழைக்காக ஒரு நாடே வானத்தைப் பார்த்து நின்றது எப்படிப்பட்ட நிலை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதன்பின் மன்னன் அவருக்கு முழு விடுதலை தந்தான். நாடெங்கும் சென்று போதிக்க அனுமதியும் தந்தான்.

ஏறக்குறைய பத்தாண்டுகள் தனி ஒருவராக உழைத்த அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து சபைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் மக்களும் நகரை விட்டு அகன்றனர். பெற்ற பிள்ளையைத் தாயும், தாயைப் பிள்ளையும் கைவிட்டுச் சென்ற நேரம். வாஸ் அடிகளாரும் அவருடைய தோழர் கர்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கினர். நோயாளிகளின் புண்ணைக் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரைக் குழி வெட்டிப் புதைத்தனர். கத்தோலிக்கர் யார், பௌத்தர் யார் என்று பார்க்கவில்லை. தினமும் அதிகாலையில் ஆண்டவர் முன் முழந்தாளிட்டவருக்கு, பகலில் நோயாளியின் பாய் அருகே முழந்தாளிடுவது கடினமாயில்லை.

ஊருக்கு ஓர் அண்ணாவியார்

அடிகளார் இலங்கைக்குச் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால், அற்புதங்களை நான் முதலில் சொல்லமாட்டேன். அவர் ஏற்படுத்திய ஒழுங்கைச் சொல்வேன்.

சில குருக்கள், பரந்த நாடு, பின்னால் துரத்தும் ஒல்லாந்தர். ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை. மற்ற நாட்களில் என்ன செய்வது? முப்பது ஆண்டுகள் குருவின்றி நின்ற யாழ்ப்பாணத்தை அவர் கண்ணால் பார்த்தவர். ஆகவே குரு இல்லாத நாளை மனத்தில் வைத்தே திருச்சபையைக் கட்டினார். ஒவ்வோர் ஊரிலும் நம்பிக்கைக்குரிய ஒருவரை மூப்பராக நியமித்தார்; கோவில் காரியங்களுக்கு அவர் பொறுப்பு. செபம் சொல்லத் தெரிந்த ஒருவரை அண்ணாவியாராக வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் படிப்பிப்பது, ஆபத்திலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, சாகும் தறுவாயில் உள்ளோர் அருகே இருந்து செபிப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது, குரு வரும் நாளுக்கு ஊரை ஆயத்தப்படுத்துவது எல்லாம் அண்ணாவியாரின் வேலை. நம் தமிழ்நாட்டுப் பங்குகளில் உபதேசியார் செய்த அரும்பணியை அறிந்தோருக்கு இது நன்றாக விளங்கும்.

செபிக்க நூல்கள் வேண்டும் அல்லவா? 1705-ல் கோவாவிலிருந்து வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அந்தக் குறையைத் தீர்த்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல் பல எழுதினார். தபசு காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் பக்தியுடன் வாசித்துவரும் வியாகுலப் பிரசங்கம் அவர் இயற்றியதே. அச்சகம் இல்லாத அந்நாளில் இவை ஓலையில் எழுதப்பட்டு ஊர் ஊராகப் பரவின.

வாஸ் அடிகளார் மட்டும் ஓய்ந்திருக்கவில்லை. வியாபாரி வேடத்தில் ஒல்லாந்தர் காவல் நின்ற கொழும்புக்குள்ளேயே சென்று வந்தார். நீர்கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று காடும் மலையும் கடந்து நடந்தார். வெறுங்கால், கழுத்தில் செபமாலை, பாதை நெடுகச் செபம். அவரை ஆயராக்கும் பேச்சு எழுந்தபோது தாழ்மையுடன் மறுத்துவிட்டார்.

கல்லறை இல்லாத புனிதர்

நடந்து நடந்து நைந்த உடல் 1710-ல் படுக்கையில் விழுந்தது. 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 59. இலங்கையில் உழைத்த ஆண்டுகள் 24. ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

அவரை அடக்கம் செய்த கோவில் பின்னாளில் அழிந்துவிட்டது. கல்லறை எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் அவர் ஊன்றிய ஒழுங்கு அழியவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி 1796-ல் முடிந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஆங்கில அரசு 1806-ல் நீக்கியது. அந்நாள்வரை தாக்குப்பிடித்து நின்ற இலங்கைத் திருச்சபை, வாஸ் அடிகளாரும் அவர் தோழர்களும் கட்டிய திருச்சபையே. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 21-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ல் அதே கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருப்பதிக்கும் சென்று செபித்தார். அவருடைய திருநாள் ஜனவரி 16.

புழல் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

அன்பார்ந்த பங்கு மக்களே! நமக்கு ஒல்லாந்தர் இல்லை. கோவில் திறந்திருக்கிறது, குருவானவர் இருக்கிறார். ஆயினும் கோவில் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதை நாமும் ஒருமுறை கண்டோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் கொள்ளை நோயின் காரணமாக ஊரடங்கு வந்தபோது மாதக்கணக்கில் திருப்பலிக்குப் போக முடியாமல் இருந்தோம். உயிர்ப்பு விழாவையே வீட்டில் கழித்தோம். குடும்ப செபம் ஏற்கெனவே பழகியிருந்த வீடுகளுக்கு அந்நாட்கள் பாரமாயிருந்தாலும் இருளாயில்லை. பழகாத வீடுகளில் என்ன நடந்தது என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

நம் பகுதியில் வாழ்க்கை எளிதன்று. மணலிக்கும் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. பிள்ளை எழும்போது அப்பா புறப்பட்டுவிடுகிறார். லாரிகள் நெருக்கும் சாலையில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எல்லோரும் ஒன்றாய் அமர நேரமில்லை என்பது பொய்யான சாக்கு அன்று. ஆனால் சில்லாலைத் தாய்க்கும் பகல் முழுவதும் வேலை இருந்தது. பிடிபட்டால் தண்டனையும் இருந்தது. அவளுக்குக் கிடைத்த சில நிமிடங்களை அவள் விட்டுவிடவில்லை.

ஆகவே பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். பெரிய தீர்மானங்கள் யூபிலிக் கொடி இறங்கும்போதே இறங்கிவிடும். விழித்தவுடன் கைப்பேசியைத் தொடுமுன் சிலுவை அடையாளம் ஒன்று. நண்பகலில் எங்கிருந்தாலும் மூவேளைச் செபம் ஒன்று. அதற்கு இரண்டு நிமிடம் போதும். சாலையில் நின்றுபோன பேருந்தில் விரல் எண்ணிப் பத்து அருள்நிறை மந்திரம். இரவில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமாவது சுரூபத்தின் முன் கூடி ஒரு பத்து மணிச் செபமாலை. வேலையில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம். படுக்குமுன் இன்று யாரை நோகச் செய்தேன் என்று ஒரு நொடி ஆத்தும சோதனை. குழந்தைக்கு மந்திரங்களை மறைக்கல்வி வகுப்பு கற்றுத்தரட்டும் என்று விட்டுவிடாமல், தாயும் தந்தையும் தம் வாயால் சொல்லிக்கொடுத்தல். இவ்வளவே. ஒருநாள் தவறினால் மனம் தளராமல் மறுநாள் தொடர வேண்டும்.

பிள்ளைகள் நாளை வேலைக்காக எங்கெங்கோ போவார்கள். பாலைவன நாடுகளுக்குப் போவோர் உண்டு. கோவிலே இல்லாத ஊர்களுக்குப் போவோரும் உண்டு. அங்கே நம் பங்குக் கோவிலின் மணி கேட்காது. நாம் அவர்கள் நாவில் ஏற்றி அனுப்பிய செபம் மட்டுமே கூடப் போகும். முப்பது ஆண்டுகள் தாங்கக்கூடிய செல்வம் அது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி.

புனித யோசேப் வாஸ் அடிகளார் இன்று கழுத்தில் செபமாலையோடு நம் புழல் தெருவில் நடந்து வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கதவைத் திறக்கிறவர் முகத்தைப் பார்ப்பாரானால், எத்தனை வீடுகளில் நம்மவர் என்று கண்டுகொள்வார்? அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுவதே நம் யூபிலிக்கு நாம் எழுப்பும் மெய்யான நினைவுச் சின்னம். அதற்கான வரத்தை அப்புனிதரின் மன்றாட்டால் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.